வந்து போகிறவர்களுக்கும் அதுதான் தலைநகர்

தலைமைச் செயலகத்தில் துறைகளை நடத்தும் செயலாளர்களுக்கும், சென்னைப் பெருநகரின் மூன்றாவது முழுமைத் திட்டத்தைத் தயாரிப்பவர்களுக்கும்,

இனிமேல் இந்த விசாரணை மாவட்டத்தில் நடக்காது, மனுதாரர் அசல் ஆவணங்களுடன் சென்னைத் தலைமை அலுவலகத்தில் காலை 10.30 மணிக்கு நேரில் ஆஜராக வேண்டும். எங்கள் மலையில் கணவரை இழந்த ஒரு அம்மாவுக்கு வந்த கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். கணவர் சாலைப் பணியாளராக இருந்தவர். அவருடைய ஓய்வூதிய நிலுவைக்காக மனு போட்டிருந்தார். மனுவை எழுதிக் கொடுத்தது நான். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்ற பிறகு எனக்கு வந்து சேர்ந்த வேலை இது. கடிதம் அனுப்பிய துறை எதுவென்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த ஒரு துறை ஒரு விளக்கம் கொடுத்து முடித்துக்கொள்ளும், மற்றத் துறைகள் நிம்மதியாக இதையே தொடரும்.

சேர்வராயன் மலையின் ஒரு சிற்றூரில் இருப்பவர் காலை 10.30க்குச் சென்னையில் நிற்க என்ன செய்ய வேண்டும் என்று யாராவது யோசித்தீர்களா? முதல் நாள் மத்தியானமே காபித் தோட்டத்து வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, நடந்தோ ஜீப் பிடித்தோ ஏற்காட்டுக்கு வர வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் சேலம். அப்புறம் ஜங்ஷன், இரவு ரயில். எங்கள் மலையின் பேரை வைத்துக்கொண்டு ஓடும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஈரோட்டில் கிளம்பி, சேலத்தில் எங்களை ஏற்றிக்கொண்டு, விடியும் முன்னே சென்ட்ரலில் இறக்கிவிடுகிறது. அலுவலகம் திறக்க அதற்கு மேல் பல மணி நேரம் இருக்கும்.

தலைநகரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த விடியற்கால நேரத்தில் தெரிந்துகொண்டதுதான். எங்கே முகம் கழுவுவது, எங்கே சேலை மாற்றுவது, ஒயர் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனால் அது இருக்குமா, எல்லாமே கேள்விதான். எதிரே அரசுப் பொது மருத்துவமனை. அதன் சுற்றுச்சுவரை ஒட்டிப் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களோடு பேசிப் பாருங்கள். திருவண்ணாமலை, தர்மபுரி, விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று ஊர்ப்பேர் வரும். உள்ளே ஒருவர் கட்டிலில் இருந்தால் வெளியே இரண்டு பேர் நடைபாதையில். "டீச்சர், இந்த ஊர்ல ஒக்காரவும் காசு கேக்குறாங்க" என்றார் என்னோடு வந்த அம்மா. அவர் குறையாகச் சொல்லவில்லை, ஆச்சரியப்பட்டார்.

அலுவலகத்துக்குப் போனோம். "அய்யா கேம்ப் போயிருக்காரு, அடுத்த வாரம் வாங்க." அடுத்த வாரமும் போனோம். அசல் ஆவணங்களைப் புரட்டிப் பார்க்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பார்த்துவிட்டு அந்த அலுவலர், பாவம் நல்ல மனுஷர், சொன்னார்: "இதை உங்க தாலுகாவுக்கு அனுப்பித்தாம்மா சரிபார்க்கணும்." நாங்கள் மடியில் கட்டிக்கொண்டு போன காகிதத்தின் நகல், எங்கள் ஏற்காடு தாலுகா அலுவலகத்துக்கே தபாலில் திரும்பி வந்தது. அங்கிருந்து அறிக்கை மறுபடி சென்னைக்குப் போனது. கோப்பு இப்போதும் சென்னையில்தான் இருக்கிறது. அந்த அம்மாவுக்குப் போன கூலியை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, மலையிலிருந்து ஒருத்தி சென்னையைத் திட்டுகிறாள் என்று நினைத்துவிட வேண்டாம். எனக்குச் சென்னை பிடிக்கும். பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போனபோதெல்லாம் எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகள் முன்னால் அவர்களை உட்கார வைத்திருக்கிறேன். 1851ல் தொடங்கிய அந்த அருங்காட்சியகமும், அதே வளாகத்தில் 1896ல் திறந்த கன்னிமாரா நூலகமும் சென்னைக்காரர்களின் வரியில் மட்டும் எழுந்தவை இல்லை. சேலத்து நிலவரியும் அதில் இருக்கிறது. அந்த நூலகத்தின் பழைய கட்டடத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும் பிள்ளைக்கு, இது உனக்கும் சேர்த்துக் கட்டியதுதான் என்று சொல்லித் தந்தவள் நான். அதனால்தான் கோபமும் கொஞ்சம் அதிகம்.

ஜனத்தொகை பெருத்துவிட்டால் ஒரு ஊர் பெருநகரம் ஆகிவிடும். தலைநகரம் ஆவதற்கு அது போதாது. அங்கே குடியில்லாதவனும் உரிமையோடு போய் நிற்கக்கூடிய ஊராக இருக்க வேண்டும். சேலத்துக்கு இது நன்றாகத் தெரியும். 1882ல் சேலத்தில் நடந்த கலவரத்தில் சேலம் விஜயராகவாச்சாரியாரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தார்கள். அவர் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போய் விடுதலை பெற்று வந்தார். பின்னால் 1920 நாகபுரி காங்கிரஸுக்குத் தலைமை வகித்தவர் அவர்தான். உள்ளூரில் கிடைக்காத நியாயம் தொலைவில் ஓரிடத்தில் கிடைக்கும் என்ற நம்பிக்கையைத்தான் ஒரு தலைநகர் தன் குடிகளுக்குக் கொடுக்கிறது. அண்மையில்கூடப் பார்த்தோமே. சென்னை சேலம் எட்டுவழிச் சாலைக்காக 2018ல் எங்கள் வயல்களில் கல் நட்டார்கள். விவசாயிகள் அதே உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2019 ஏப்ரலில் நிலம் எடுக்கும் அறிவிப்புகள் ரத்தாயின. 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் வேறு விதமாகத் தீர்ப்புச் சொன்னது, அது தனிக் கதை. எனக்கு அப்போதும் ஒரு சந்தேகம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. சேலத்துக்காரர் சென்னைக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்று இத்தனை கோடி ரூபாய்க்குத் திட்டம் போட்டீர்களே, அவர் எதற்காகப் போகிறார், போகாமலே அந்த வேலை முடியுமா என்று பார்க்க ஒரு குமாஸ்தாவையாவது உட்கார வைத்தீர்களா?

சென்னைக்கும் சேலத்துக்கும் உள்ள உறவு கொடுக்கல் வாங்கல் உறவு. கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 2004லிருந்து சென்னை குடிக்கும் வீராணம் தண்ணீர், மேட்டூரில் திறந்து காவிரியில் இறங்கி, கொள்ளிடத்துக் கீழணையில் தேங்கி, வடவாறு வழியாக ஏரிக்கு வரும் தண்ணீர். மேட்டூர் சேலம் மாவட்டம். கோட்டையை இத்தனை ஆண்டுகள் ஆளும் கட்சிகளின் மூதாதையான திராவிடர் கழகம் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டது 1944 ஆகஸ்டில் சேலம் மாநாட்டில். நீங்கள் அமர்ந்திருக்கும் பத்து மாடிக் கட்டடத்துக்கு நாமக்கல் கவிஞர் மாளிகை என்று பெயர். நாமக்கல் 1997 வரை எங்கள் மாவட்டம். சட்டமன்றத்தின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கியவை இரண்டே இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். இரண்டுமே பழைய சேலம் மாவட்டத்து மலைகள்.

சென்னை யாருக்கு என்று 1950களின் தொடக்கத்தில் ஒரு கேள்வி எழுந்ததே, அப்போது சும்மா இருந்த மாவட்டமும் இல்லை இது. 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு தனி ஆந்திர மாநிலம் கேட்டுச் சென்னையில் உண்ணாவிரதம் இருந்து உயிர் விட்டார். "தலை கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்" என்று ம.பொ.சி. முழங்கினார். அன்றைய முதலமைச்சர் ராஜாஜி, ஒரு காலத்தில் சேலம் நகராட்சிக்குத் தலைவராக இருந்தவர். 1953 அக்டோபர் 1ல் ஆந்திரம் கர்நூலைத் தலைநகராகக் கொண்டு பிரிந்தது, சென்னை நமக்கு நின்றது. நமக்கு என்றால் யாருக்கு? மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் மட்டுமா? அந்த முழக்கத்துக்குத் தலையாட்டியதில் சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையும் அம்மாப்பேட்டையும் சேர்த்திதானே.

வந்தாரை வாழவைக்கும் சென்னை என்கிறோம். சத்தியமான பேச்சு. எங்கள் ஊரிலிருந்து போன எத்தனையோ பிள்ளைகளை அது வாழவைத்திருக்கிறது. ஆனால் வாழ வராமல், காலையில் வந்து வேலை முடிந்ததும் இரவு ரயிலுக்குத் திரும்பிவிடும் ஆட்களும் தினமும் வந்துகொண்டே இருக்கிறார்கள். விசாரணைக்கு வருபவர், வாய்தாவுக்கு வருபவர், ஸ்கேன் எடுக்க வருபவர், சான்றிதழில் எழுத்துப்பிழை திருத்த வருபவர். இவர்களுக்கு அந்த ஊரில் வாக்கு கிடையாது, வார்டு கிடையாது, கவுன்சிலர் கிடையாது. கல்யாண வீட்டுப் பந்தியில் எந்தப் பக்கத்து உறவு என்று தெரியாமல் நிற்பவரைப் போல நிற்கிறார்கள்.

உதாரணத்துக்கு, 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களின் பேருந்து நிலையம் கோயம்பேட்டிலிருந்து கிளாம்பாக்கம் போனது. நகருக்குள் நெரிசல் குறைய வேண்டும் என்பது நியாயமான காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் குறைந்தது நகரத்தில் இருப்பவரின் நேரம், கூடியது வெளியூரிலிருந்து வருபவரின் நேரம். பொதுமருத்துவமனைக்கோ சேப்பாக்கத்து அரசு அலுவலகங்களுக்கோ போக வேண்டியவர் வண்டலூர் தாண்டி இறங்கி அங்கிருந்து மறுபடி ஒரு பயணம் போக வேண்டும். இப்படி ஒரு முடிவு எடுக்கும்போது அந்தப் பேருந்துகள் கிளம்பும் ஊர்களில் நாலு பேரைக் கேட்டால் என்ன?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அதிகாரி இருக்கும் இடத்துக்கு மக்கள் வர வேண்டும் என்பது உங்கள் மரபே இல்லை.

சென்ட்ரலிலிருந்து கோட்டைக்குப் போகிற பக்கம், தீவுத்திடலை ஒட்டி, தாமஸ் மன்றோ குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். குதிரைக்கு அங்கவடி இல்லை என்று ஊரே பேசும், அதை விடுங்கள். 1792ல் திப்புவிடமிருந்து பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம்) சேலமும் கும்பினியார், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியார், கைக்கு வந்தபோது அலெக்சாண்டர் ரீடு என்ற கேப்டன் நிர்வாகத்துக்கு வந்தார். அவருக்கு உதவியாளர்களில் ஒருவர் மன்றோ. நிலவரியை விவசாயியிடமே நேராக வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் போட்டது இந்த மண்ணில்தான். கூடாரம் அடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள், வயல்களை அளந்தார்கள், விவசாயியிடமே பேசினார்கள். அவர்கள் வந்தது வரி வசூலிக்கத்தான், புண்ணியம் செய்ய இல்லை. இருந்தாலும் அவர்கள் வந்தார்கள். மன்றோ பின்னால் 1820ல் கவர்னராகவே ஆனார். இங்கே கற்றுக்கொண்டதைத்தான் மாகாணம் முழுக்கக் கொண்டுபோனார். இன்றும் ஆண்டுதோறும் தாலுகாவில் ஜமாபந்தி நடக்கிறது. அதிகாரி வந்து உட்கார, ஊர்க்காரர் கணக்கோடும் மனுவோடும் வருகிறார். உங்கள் அலுவலர் 'கேம்ப்' போகிறார் என்றால் அந்த வழக்கத்தின் மிச்சம்தான் அது. அவர் எந்த ஊருக்குக் கேம்ப் போனாரோ, எங்கள் மலைக்கு வரவில்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் வெயில் வந்தால் கோட்டையே கோப்புகளைக் கட்டிக்கொண்டு உதகைக்கு ஏறிவிடும். மாகாணத்தின் கோடைத் தலைநகர் அது. வெயிலுக்குப் பயந்து ஒரு அரசாங்கமே இடம் மாறிப் பல மாதம் ஆள முடிந்தது என்றால், ஒரு விசாரணை சேலத்துக்கு வருவதில் என்ன கஷ்டம்?

தலைநகரை மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் எம்.ஜி.ஆர். திருச்சியைத் தலைநகராக்கலாம் என்று பேசினார், அந்தப் பேச்சு அப்படியே அடங்கியது, நல்லதுதான். கட்டடங்களை மாற்றுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. ஆனால் தலைநகர் இருக்கும் ஊரில்தான் எல்லாமே இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. கேரளத்தின் தலைநகர் திருவனந்தபுரம், உயர்நீதிமன்றம் கொச்சியில். மகாராஷ்டிரத்தின் குளிர்காலச் சட்டமன்றம் நாகபுரியில் கூடுகிறது. கர்நாடகம் பெலகாவியில் தனி சட்டமன்றக் கட்டடமே கட்டி 2012ல் திறந்தது. நம்மிடமும் 2004 ஜூலையில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வந்தது. அன்றிலிருந்து எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் கரூர்க்காரர் வழக்குக்கு மதுரை போகிறார். நாங்கள் இன்னும் சென்னைக்குத்தான்.

அந்த உயர்நீதிமன்றமே 2020ல் கொரோனா வந்தபோது காணொலியில் வழக்குகளைக் கேட்டது. நீதிபதி ஒரு பக்கம், வக்கீல் ஒரு பக்கம், தீர்ப்பு செல்லுபடியானது. மாவட்ட ஆட்சியர்களோடு நீங்கள் வாராவாரம் பேசுகிறீர்களே, அந்தக் காணொலி அறை எங்கள் சேலம் ஆட்சியர் அலுவலகத்திலும் இருக்கிறது. ஆட்சியரின் முகம் தெரியும் திரையில் மலைக்கார அம்மாவின் முகம் தெரியாதா? ஆவணம் அசலா என்று பார்க்க வேண்டுமா, சரி, அதைப் பார்க்கத் தாசில்தார் இருக்கிறார். கடைசியில் அவரிடம்தானே அனுப்புகிறீர்கள்.

ஆகவே என் கோரிக்கைகள்.

செயலாளர்களே, மாவட்டத்தில் நடந்துகொண்டிருந்த எந்த விசாரணையையும் சென்னைக்கு இழுக்கும் உத்தரவுகளை நிறுத்தி வையுங்கள். போட்டுவிட்டவற்றைத் திரும்பப் பெறுங்கள். நேரில்தான் வர வேண்டும் என்று ஒரு துறை சொன்னால், ஏன் காணொலியில் முடியாது என்பதை அந்த அழைப்பிலேயே காரணத்தோடு எழுத வேண்டும் என்று அரசாணை போடுங்கள். தவிர்க்கவே முடியாமல் அழைத்தால் நேரம் மத்தியானமாக இருக்கட்டும். காலையில் சேலத்தில் கிளம்பினாலும் வந்து சேரலாம், ஒரு ராத்திரித் தூக்கம் மிச்சம். அழைத்த அதிகாரி அன்று இல்லை என்றால் வந்தவருக்குப் போக்குவரத்துச் செலவையும் ஒரு நாள் கூலியையும் அந்தத் துறை கொடுக்க வேண்டும். இதைக் கேட்டுச் சிரிப்பீர்கள் என்று தெரியும். சாட்சி சொல்ல வருபவருக்கு நீதிமன்றம் படி கொடுக்கிறதே, அதே நியாயம்தான்.

முழுமைத் திட்டம் எழுதுபவர்களே, உங்கள் திட்டம் 2026லிருந்து 2046 வரைக்கும் என்கிறீர்கள். இன்று பள்ளியில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் அதற்குள் பலமுறை சென்னைக்கு வந்து போயிருப்பார்கள். பெருநகரப் பகுதி என்று நீங்கள் வைத்திருந்த எல்லை 1,189 சதுர கிலோமீட்டர், 2022ல் அதை 5,904 ஆக்க முடிவெடுத்தீர்கள். எத்தனை ஆக்கினாலும் ஏற்காடு அதில் வராது, வர வேண்டியதும் இல்லை. ஆனால் அன்றாடம் வந்து போகும் வெளிமாவட்டத்து மக்களைப் பற்றித் தனியாக ஒரு இயல் அதில் இருக்க வேண்டும். எத்தனை பேர், எங்கிருந்து, எந்த அலுவலகத்துக்கு, எந்த மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்று எண்ணுங்கள். சென்ட்ரல், எழும்பூர், கிளாம்பாக்கம் மூன்றிலும் விடியற்காலையில் இறங்குபவர்கள் குளிக்க, உடை மாற்ற, பையை வைக்க, படுக்க இடம் கட்டுங்கள். இலவசமாக இருக்கட்டும், பெண்களுக்குத் தனியாக இருக்கட்டும். பொதுமருத்துவமனைக்கு எதிரே நோயாளிகளின் உறவினர் தங்க ஒரு நல்ல கட்டடத்துக்கு நிலம் ஒதுக்குங்கள். அந்தத் திட்டத்தைப் பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்றைச் சேலத்திலும் நடத்துங்கள். வேறு எங்கும் முடியாவிட்டாலும் சேலத்தில் நடத்துங்கள்.

சேலம் என்று அழுத்திக் கேட்கக் காரணம் இருக்கிறது. புதிதாக எதையாவது முயன்று பார்க்க வேண்டும் என்றால் கோட்டைக்கு எங்கள் மாவட்டம்தான் நினைவுக்கு வரும். ரயத்துவாரியைச் சொல்லிவிட்டேன். 1937ல் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தபோதும் முதலில் அமலானது சேலத்தில், அக்டோபர் 1 அன்று. மாகாணத்தின் மற்ற இடங்களுக்கு அது அப்புறம்தான் போனது. அந்த வழக்கப்படி இதையும் எங்களிடமே தொடங்குங்கள். ஒரு வருஷம், எல்லாத் துறைகளும், சேலம் மாவட்டத்தார் யாரையும் விசாரணைக்காகச் சென்னைக்குக் கூப்பிடாமல் வேலையை நடத்திப் பாருங்கள். எது நின்றுபோனது, எது நிற்கவில்லை என்று ஒரு அறிக்கை வெளியிடுங்கள்.

அந்த அம்மாவின் மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. அடுத்த விசாரணை நாளைச் சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் வைக்கச் சொல்லிப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறோம். அதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.